தலைசிறந்த ரன்னிங் பேக் யார்? வாதிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஜிம் பிரௌனா, வால்டர் பேட்டனா, பேரி சாண்டர்ஸா, எமிட் ஸ்மித்தா என்ற கேள்வி, அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் எழாமல் இருப்பதில்லை. எழுந்தபின் குரல்கள் உயர்வதும், யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்காமலேயே பேச்சு கலைவதும் வழக்கம். ரசிகர்களின் பிடிவாதம் அதற்கு ஒரு காரணம் என்றாலும் முதன்மையான காரணம் வேறு. ஒருவர் வாழ்நாள் மொத்த யார்டுகளை வைத்துப் பேசுகிறார். இன்னொருவர் ஒரே ஒரு பருவத்தின் உச்சத்தை மனத்தில் வைத்திருக்கிறார். மூன்றாமவர் சிறுவயதில் தொலைக்காட்சியில் கண்டு வாய்பிளந்த ஓட்டங்களை மறக்க முடியாமல் இருக்கிறார். மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு மூவரும் விடை சொல்லிக்கொண்டிருந்தால் முடிவு எப்படி வரும்? எனவே பெயரைச் சொல்வதற்கு முன் அளவுகோலைச் சொல்லுங்கள். சொன்ன அளவுகோலை உங்களுக்குப் பிடித்த வீரருக்கும் தயங்காமல் வைத்துப் பாருங்கள். எஞ்சியதெல்லாம் அதைச் செய்யும் முறைதான்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் பத்து யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். குவார்ட்டர்பேக் பந்தை எறியலாம், அல்லது தனக்குப் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுக்கலாம். பந்தை வாங்கியவர், முன்னால் நிற்கும் ஆஃபென்சிவ் லைன் வீரர்கள் எதிரணியைத் தள்ளித் திறக்கும் இடுக்குகளில் புகுந்து ஓட வேண்டும். அந்த இடுக்கு சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. யார்டுகளில் எவ்வளவு ஓடியவருடையது, எவ்வளவு வழிவிட்டவர்களுடையது என்ற சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

சிறந்த ஒரு பருவம் எது, சிறந்த உச்சக்காலம் யாருடையது, முழு வாழ்நாள் ஆட்டத்தில் யார் உயர்ந்தவர் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். சிகாகோ பேர்ஸ் அணியின் கேல் சேயர்ஸ் இதற்குத் தெளிவான சான்று. அவர் ஆடியது மொத்தம் 68 ஆட்டங்களே. ஓடிக் கடந்தது 4,956 யார்டுகளே. ஆனால் முதல் பருவமான 1965-இல் 22 டச் டவுன்கள் எடுத்தார் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பதே டச் டவுன்). அவற்றில் ஆறு, டிசம்பர் 12 அன்று சேறாகிக் கிடந்த ரிக்லி ஃபீல்டில் சான் ஃபிரான்சிஸ்கோ 49எர்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் வந்தவை. மற்றவர்கள் காலூன்றவே தடுமாறிய தரையில் அவர் மட்டும் உலர்ந்த புல்லில் ஓடுவதுபோல் திசை மாற்றிக்கொண்டிருந்தார். 1968-இல் முழங்கால் தசைநார் கிழிந்த பிறகு பழைய வேகம் முழுமையாகத் திரும்பவில்லை. இருந்தும் 34 வயதிலேயே தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். உச்சத்தைப் பற்றிப் பேசும்போது சேயர்ஸை விட்டுவிட்டால் வாதம் குறையுடையது; வாழ்நாள் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவரை முதல் ஐந்தில் வைத்தால் வாதம் பொய்யாகிறது. எந்தக் கேள்வி என்பதைத் தொடக்கத்திலேயே எதிரில் இருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்துகொண்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

எண்களைக் கையாளும் முறை

மொத்த யார்டுகள் என்பது பலரும் முதலில் எடுக்கும் சான்று. என் கணிப்பில் மிகவும் பலவீனமான சான்றும் அதுவே. பட்டியலின் தலையில் எமிட் ஸ்மித் 18,355 யார்டுகளுடனும், அடுத்து வால்டர் பேட்டன் 16,726 யார்டுகளுடனும் இருக்கிறார்கள். மூன்றாம் இடத்தில் சரியாக 16,000 யார்டுகளுடன் இருப்பவர் ஃபிராங்க் கோர். கோர் 241 ஆட்டங்கள் தாக்குப்பிடித்தது வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் ஒரு பருவத்தில்கூட அவர் என்.எஃப்.எல். என்ற இந்தத் தொழில்முறை லீக்கில் முதலிடம் பெற்றதில்லை, அவரை ஜிம் பிரௌனுக்கு மேலே வைப்பவர் யாரையும் நான் கண்டதில்லை. மொத்தத்தை மட்டும் வைத்துப் பேசுபவரிடம் கோரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் உடனே வேறு அளவுகோல் ஒன்றைத் தேடத் தொடங்குவார். அந்த வேறு அளவுகோலிலிருந்து உரையாடலைத் தொடரலாம்.

அடுத்ததாகப் பருவத்தின் நீளத்தைப் பாருங்கள். 1960 வரை ஒரு பருவத்துக்கு 12 ஆட்டங்கள். 1961 முதல் 1977 வரை 14. 1978 முதல் 2020 வரை 16. 2021 முதல் 17. ஜிம் பிரௌன் 1957 முதல் 1965 வரை கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் அணிக்காக ஒன்பது பருவங்கள் ஆடினார்: முதல் நான்கில் பன்னிரண்டு பன்னிரண்டாக, பிந்தைய ஐந்தில் பதினான்கு பதினான்காக, ஆக மொத்தம் 118 ஆட்டங்கள். அணி ஆடியதும் அத்தனைதான். ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. அந்த 118 ஆட்டங்களில் 12,312 யார்டுகள், அதாவது ஆட்டத்துக்கு 104.3. வாழ்நாள் சராசரி நூறைத் தாண்டிய ஒரே பெயர் இன்றும் அவருடையதுதான். சாண்டர்ஸ் 99.8 வரை வந்தார், பேட்டன் 88.0, ஸ்மித் 81.2. டெண்டுல்கரின் மொத்த ஓட்டங்களையும் பிராட்மனின் சராசரியையும் வைத்து வாதிட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இந்த இடம் புதிதாக இராது.

ஆட்டச் சராசரிக்கும் ஒரு குறை உண்டு: நீண்ட நாள் ஆடியவரை அது தண்டிக்கிறது. பிரௌன் 30 வயதில், லண்டனில் திரைப்படப் படப்பிடிப்பில் இருந்தபோது, அணி உரிமையாளர் ஆர்ட் மோடெல் அபராதம் விதிப்பதாக மிரட்டியதை அடுத்து, உச்சத்திலேயே விலகிக்கொண்டார். தளர்ந்த ஆண்டுகள் அவர் கணக்கில் இல்லை. ஸ்மித்தின் கணக்கில் 2003-இல் அரிசோனா கார்டினல்ஸ் அணிக்காக ஆடிய பத்து ஆட்டங்களின் 256 யார்டுகளும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே சராசரியை ஒப்பிடும்போது முதல் ஒன்பது அல்லது பத்துப் பருவங்களை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையான வழி. அப்படிச் செய்தால் ஒரு சுவையான முடிவு கிடைக்கிறது: முதல் பத்துப் பருவங்களில் சாண்டர்ஸ் 15,269 யார்டுகள், ஸ்மித் 13,963 யார்டுகள். சாண்டர்ஸுக்குப் பதினோராம் பருவம் இல்லை, ஸ்மித்துக்கு இன்னும் ஐந்து இருந்தன என்பதே மொத்தப் பட்டியல் தலைகீழானதன் காரணம்.

ஓர் ஓட்டத்துக்கான சராசரியை இன்னும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். பிரௌனின் 5.2 மிக உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் ஜமால் சார்ல்ஸும், 38 ஆட்டங்களே ஆடிய போ ஜாக்சனும் 5.4 வைத்திருக்கிறார்கள். குறைவான தடவை ஓடுபவருக்கு உடல் சோர்வு குறைவு. எல்லைக்கோட்டுக்கு இரண்டு யார்டு தொலைவில் பந்தை வாங்கி டச் டவுன் எடுப்பவருக்கோ, எவ்வளவு அருமையாக ஓடினாலும் கணக்கில் இரண்டு யார்டுதான் ஏறும். ஸ்மித்தின் 4.2-ஐக் கேலி செய்பவர்கள் அவருடைய 164 டச் டவுன்களையும் அதே மூச்சில் நினைவில் கொள்ள வேண்டும். ஓடி எடுத்த டச் டவுன்களில் அதுவே சாதனை.

நான் மிகவும் நம்பும் சான்று வேறொன்று. ஒருவர் தன் காலத்தவர்களைவிட எவ்வளவு மேலே நின்றார் என்று பாருங்கள். தரை, விதிகள், எதிரணியின் உடல்வாகு, பயிற்சிமுறை ஆகிய அனைத்தும் அதே ஆண்டில் ஆடிய எல்லாருக்கும் பொது என்பதால் இந்த ஒப்பீட்டில் கலப்படம் குறைவு. பிரௌன் ஒன்பது பருவங்களில் எட்டில் லீக்கின் முதல் ஓட்டக்காரராக இருந்தார். தவறிய ஒரே ஆண்டு 1962, அவ்வாண்டு கிரீன் பே பேக்கர்ஸின் ஜிம் டெய்லர் முந்தினார். பேட்டனைப் போற்றுபவர்கள் இந்த இடத்தில் சற்றுத் திணறுவார்கள். பதின்மூன்று பருவங்களில் அவர் லீக்கில் முதலிடம் பெற்றது 1977-இல் ஒரே ஒரு முறைதான். அதற்கு முந்தைய ஆண்டு ஓ.ஜே. சிம்ப்சன் மேலே இருந்தார். பின்வந்த மூன்று ஆண்டுகள் ஹூஸ்டன் ஆய்லர்ஸின் ஏர்ல் கேம்பல் மேலே இருந்தார்.

ஸ்மித்தும் சாண்டர்ஸும்

இந்த இருவரைப் பற்றிய வாதத்தைச் சரியாக நடத்தக் கற்றுக்கொண்டால் மற்றவை எளிது. 1990 முதல் 1997 வரையிலான எட்டு ஆண்டுகளின் ஓட்டப் பட்டங்களையும் இருவரே ஆளுக்கு நான்காகப் பகிர்ந்துகொண்டார்கள்: சாண்டர்ஸ் 1990, 1994, 1996, 1997, ஸ்மித் 1991, 1992, 1993, 1995. அவற்றில் 1991-இல் இடைவெளி வெறும் 15 யார்டு; சாண்டர்ஸ் அவ்வாண்டு ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருந்தார். காலம் ஒன்று, விதிகள் ஒன்று, வயதும் ஏறக்குறைய ஒன்று. மாறியது அணி மட்டுமே.

வழக்கமான வாதம் இப்படிப் போகும்: டல்லஸ் கௌபாய்ஸின் ஆஃபென்சிவ் லைன் ஒரு மதில், நேட் நியூட்டன், எரிக் வில்லியம்ஸ், மார்க் ஸ்டெப்னோஸ்கி, மார்க் டுயினே, பிற்பாடு லேரி ஆலன், அவர்களுக்கும் பின்னால் டேரில் ஜான்ஸ்டன் என்ற ஃபுல்பேக், அவர்கள் திறந்த வழியில் யார் வேண்டுமானாலும் ஓடலாம், டெட்ராய்ட் லயன்ஸில் சாண்டர்ஸ் தனி ஆளாக நின்றார். இதில் பாதி உண்மை. மறுபாதியை எடுத்துவைப்பது உங்கள் வேலை. சாண்டர்ஸுக்கு முன்னால் நின்ற லோமஸ் பிரௌன் லயன்ஸ் வீரராகவே ஆறு முறை, லீக்கின் நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்குத் தேர்வானவர். நடுவில் நின்ற கெவின் குளோவர் மூன்று முறை தேர்வானவர். சாண்டர்ஸைச் சுற்றி யாருமே இல்லை என்பது மிகை. லயன்ஸின் குறை வேறு இடத்தில் இருந்தது: நிலையான குவார்ட்டர்பேக் இல்லை, தொடக்க ஆண்டுகளில் எறிதலையே நம்பிய ஆட்டமுறையில் முன்னால் நின்று வழிதிறக்க ஃபுல்பேக்கும் பெரும்பாலும் இல்லை.

ஸ்மித்துக்காக வாதிடுபவர் யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்ற பேச்சை 1993-இன் தொடக்கத்தைக் கொண்டு எதிர்கொள்ளலாம். ஒப்பந்தத் தகராற்றால் ஸ்மித் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. முந்தைய ஆண்டின் வாகையர்களான கௌபாய்ஸ், அதே லைனையும் அதே குவார்ட்டர்பேக் டிராய் ஏக்மனையும் வைத்துக்கொண்டு, இரண்டிலும் தோற்றார்கள். ஸ்மித் திரும்பினார், பதினான்கே ஆட்டங்களில் 1,486 யார்டுகள் ஓடி லீக்கில் முதலிடம் பிடித்தார், பருவத்தின் சிறந்த வீரர், இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் சிறந்த வீரர் ஆகிய இரு விருதுகளையும் ஒரே ஆண்டில் பெற்றார். இரண்டு ஆட்டங்கள் சிறிய சான்றுதான் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிராளி சொல்லும்வரை காத்திருந்தால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தை இன்னும் அருகில் சென்று பார்க்க வேண்டும். 1994 ஜனவரி 2, நியூயார்க் ஜயன்ட்ஸின் மைதானம். வென்றவருக்கே பிரிவின் முதலிடம். முதல் பாதி முடியும் தறுவாயில் நீண்ட ஓட்டம் ஒன்றின் முடிவில் ஸ்மித் வலத் தோளின் மேல் விழுந்தார், தோள்மூட்டு பிசகியது. கையை உயர்த்தவே முடியாத நிலையில் அவர் இரண்டாம் பாதிக்குத் திரும்பினார். கூடுதல் நேரம்வரை நீண்ட அந்த ஆட்டத்தில் 32 தடவை ஓடி 168 யார்டுகளும், 10 பந்துகளைப் பிடித்து 61 யார்டுகளும் எடுத்தார். வெற்றிக்கான கடைசி நகர்விலும் பந்து பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது. டல்லஸ் 16-13 என வென்றது. லைன் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்த அடிகளை வாங்கியது அவருடைய தோள்தான்.

இப்போது மறுதரப்பு. 1997-இன் முதல் இரண்டு ஆட்டங்களில் சாண்டர்ஸ் ஓடியது 33, 20 என மொத்தம் 53 யார்டுகள். பருவத்தின் முடிவில் அவர் கணக்கில் 2,053 யார்டுகள். கழித்துப் பாருங்கள்: எஞ்சிய பதினான்கு ஆட்டங்களில் சரியாக 2,000 யார்டுகள், அந்தப் பதினான்கில் ஒவ்வொன்றிலும் நூறுக்கு மேல். 1973-இல் பஃபலோ பில்ஸின் சிம்ப்சன் 2,003 யார்டுகள் ஓடியதும் பதினான்கு ஆட்டப் பருவத்தில்தான். 1984-இல் 2,105 யார்டுகள் ஓடி இன்றுவரை சாதனையை வைத்திருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் எரிக் டிக்கர்சன்கூட, சிம்ப்சனின் எண்ணைக் கடக்கப் பதினைந்தாம் ஆட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சாண்டர்ஸின் பலவீனத்தையும் மறைக்காதீர்கள். இடுக்கு திறக்காதபோது ஸ்மித் தலையைக் குனிந்து இரண்டு யார்டாவது பிடுங்குவார். சாண்டர்ஸ் பின்வாங்கி, பக்கவாட்டில் சுழன்று, எண்பது யார்டு வழியைத் தேடுவார். கிடைத்தால் அரங்கம் எழுந்து நிற்கும். கிடைக்காவிட்டால் மூன்று யார்டு பின்னால் வீழ்வார், அடுத்த முயற்சியில் குவார்ட்டர்பேக் பதின்மூன்று யார்டு தேட வேண்டியிருக்கும். 1994 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் நடந்த பிளேஆஃபில் (பருவம் முடிந்தபின் வாகைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்று) 13 தடவை ஓடி அவர் பெற்றது கழித்தல் ஒரு யார்டு. பிளேஆஃபில் அவர் அணி வென்றது ஒரே ஒரு முறை. ஸ்மித்துக்கு மூன்று சூப்பர் பௌல் வெற்றிகள், பிளேஆஃபில் மட்டும் 1,586 யார்டுகள். வாகைகளை வைத்தே தனிவீரரை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் அடங்கிய அணியின் வெற்றி அது. ஆனால் நிச்சயமான நாலு யார்டு தேவைப்படும் நேரத்தில் நான் ஸ்மித்திடம் பந்தைக் கொடுப்பேன். பந்து என் சொந்தக் கோட்டுக்கு அருகில் இருந்து, ஆட்டத்தில் நான் பின்தங்கியிருந்தால் சாண்டர்ஸிடம் கொடுப்பேன். முழு வாழ்நாள் என்று கேட்டால், சிறிய இடைவெளியில் சாண்டர்ஸ்.

அணியின் பங்கைக் கழிக்கும்போது

டென்வர் பிராங்கோஸ் இதற்கான ஆய்வுக்கூடம் போன்றது. டெரல் டேவிஸ் 1998-இல் 2,008 யார்டுகள் ஓடினார். முழங்கால் காயத்தால் அவர் ஒதுங்கியபின் 1999-இல் ஒலாண்டிஸ் கேரி, 2000-இல் மைக் ஆண்டர்சன், 2002-இல் கிளின்டன் போர்ட்டிஸ் ஆகியோர் அதே லைனுக்குப் பின்னால் ஆயிரத்துக்கு மேல் ஓடினார்கள். அலெக்ஸ் கிப்ஸ் பயிற்றுவித்த, எதிரணியை மறித்து வழிதிறக்கும் பிளாக்கிங் முறைக்குத்தான் அந்தப் பெருமை என்று ஒருவர் சொன்னால் மறுப்பது கடினம். மறுக்க வேண்டுமானால் பிளேஆஃபைக் காட்டுங்கள்: டேவிஸ் எட்டு பிளேஆஃப் ஆட்டங்களில் 1,140 யார்டுகள் ஓடினார், எட்டில் ஏழில் அணி வென்றது. முறை ஆயிரம் யார்டுகளைத் தந்திருக்கலாம். எஞ்சிய ஆயிரத்தில் பெரும்பங்கு டேவிஸுடையது.

ஓடுவது மட்டுமே ரன்னிங் பேக்கின் வேலை அன்று. எறியப்படும் பந்தைப் பிடிக்க வேண்டும். குவார்ட்டர்பேக்கைத் தாக்க வருபவரை மறித்து நிறுத்த வேண்டும். மார்ஷல் ஃபாக் 1999-இல் ஓடி 1,381 யார்டுகளும் பிடித்து 1,048 யார்டுகளும் எடுத்தவர். ஓட்டப் பட்டியல் மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அவர் படவே மாட்டார். லடேனியன் டாம்லின்சன் 2003-இல் நூறு பந்துகளைப் பிடித்தார், 2006-இல் 31 டச் டவுன்கள் எடுத்தார். பேட்டனின் இடம் உயர்வதும் இந்தப் பகுதியில்தான். 492 பந்துகளைப் பிடித்தார், எட்டு டச் டவுன்களைத் தானே எறிந்தார், பதின்மூன்று பருவங்களில் தவறவிட்டது ஒரே ஓர் ஆட்டம். 1977 நவம்பர் 20 அன்று காய்ச்சலோடு களமிறங்கி மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக 275 யார்டுகள் ஓடினார். மறிப்பதில் அவருக்கு இணையான நட்சத்திரம் இல்லை என்றே சொல்லலாம். ஜிம் பிரௌன் மீது வைக்கப்படும் பழைய குறை, அந்த வேலையில் அவர் மனம் ஒன்றவில்லை என்பதுதான். இந்தப் பணிகளுக்கு எவ்வளவு மதிப்பெண் தருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே முதலிடம் பிரௌனுக்கா பேட்டனுக்கா என்பது அமையும். என் கணக்கில் பிரௌன் முதலிடம், பேட்டன் நெருங்கிய இரண்டாமிடம்.

பிரௌனை எதிர்ப்பவர்கள் கால வேறுபாட்டைக் கையில் எடுப்பார்கள். அதில் நியாயமும் உண்டு. 1957-இல் லீக்கில் இருந்தது 12 அணிகள், இன்று 32. வாஷிங்டன் அணி 1962 வரை ஒரு கறுப்பின வீரரைக்கூடச் சேர்க்கவில்லை. அதாவது பிரௌன் எதிர்கொண்ட களம் முழுத் திறமையும் திரண்ட களம் அன்று. ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது: குறைந்த அணிகள் என்றால் ஒவ்வோர் அணியிலும் தேர்ந்தெடுத்த வீரர்கள், மேலும் 1978-க்குப் பின் வந்த விதிகள் எறிதலை எளிதாக்கியதால் தற்காப்பு வீரர்கள் ஓட்டத்தை மட்டுமே குறிவைக்க முடியாமல் போனது. பிரௌனின் நாளில் எல்லாரும் அவருக்காகவே காத்திருந்தார்கள்.

சிம்ப்சனின் பெயர் வரும்போது களத்துக்கு வெளியே நடந்தவை உடன் வரும். 1995-இல் கொலை வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டதும், 1997-இல் உரிமையியல் வழக்கில் அவரே பொறுப்பு எனத் தீர்ப்பானதும் எல்லாரும் அறிந்தவை. களத்து ஆட்டத்தை மட்டும் அளக்கிறோமா இல்லையா என்பதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு தொடருங்கள்.

இக்காலத்தவரை எடைபோடும்போதும் ஆட்டங்களின் எண்ணிக்கையை முதலில் கேளுங்கள். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் சேக்வான் பார்க்லி 2024-இல் பதினாறு ஆட்டங்களில் 2,005 யார்டுகள் ஓடியிருந்தார். டிக்கர்சனைக் கடக்க 101 யார்டுகள் தேவைப்பட்ட நிலையில் பதினேழாவது ஆட்டத்தில் அணி அவருக்கு ஓய்வு கொடுத்தது. டிக்கர்சனும் ஆடியது பதினாறு ஆட்டங்களே என்பதால், ஒப்பீடு தற்செயலாக நேராகவே அமைந்துவிட்டது: நூறு யார்டு குறைவு. பிளேஆஃபையும் சேர்த்தால் பார்க்லி 2,504 யார்டுகளுடன் டேவிஸின் 2,476-ஐ முந்திப் புதிய சாதனை படைத்தார். பார்க்லிக்கு அதற்கு இருபது ஆட்டங்கள் கிடைத்தன, டேவிஸுக்குப் பத்தொன்பது. ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால் பார்க்லி 125.2, டேவிஸ் 130.3.